காவிரிப் பாலத்து ஃபிளெக்ஸில் ஒரு ஹவில்தார்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் டீ குடிக்கப் போனேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் காரசாரமாக அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், இந்த ஆள் பேசினது நியாயமா?" என்று கேட்டார். நான் முதலில் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். பிறகு, "டீல சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றேன். எனக்குக் காது மந்தம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கடைக்காரர் என்னிடம் சத்தமாகத்தான் பேசுகிறார்.

முப்பது வருஷம் சீருடை போட்டவனின் வாய் அப்படிப் பழகிவிடுகிறது. இப்போது சர்வீஸில் இருக்கிற தம்பிகளும் தங்கைகளும் போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். 'சாப், ஒரு தலைவர் தப்பாப் பேசினா நாம திருப்பிக் கேக்கவே கூடாதா? நமக்குப் பேச்சுரிமை இல்லையா?' நாலு வரியில் பதில் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் நாலு வரி எழுதித்தான் எனக்குத் தெரிந்த ஒருவன் தன் வேலையை ஊசலாட விட்டான். அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் சாவகாசமாகப் படியுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். பொதுவெளியில் அரசியல் பேசக் கூடாது, எழுதக் கூடாது, கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று ஊர் முழுக்கச் சொல்லக் கூடாது. அரசியல் சாசனமே நம்மைப் போன்றவர்களின் உரிமையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. இதெல்லாம் வகுப்பில் கேட்டுக் கொட்டாவி விட்டிருப்பீர்கள். நானும் விட்டிருக்கிறேன். கொட்டாவி நின்றுபோன நாள் எது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் கடைசிப் பணியிடம் திருச்சி. கல்லூரி மாணவர்களுக்கு அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுக்க ராணுவத்திலிருந்து ஆட்களை அனுப்புவார்களே, அப்படி ஓர் அலுவலகம். நான் அங்கே சுபேதார். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள், இரண்டு பக்கத்திலிருந்தும் இடி வாங்குகிற ஆள். எல்லோரும் என்னை 'சாப்' என்று கூப்பிடுவார்கள். அலுவலகத்தின் தலைமை ஒரு பெண் கர்னல். பாலக்காட்டுக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். தமிழ் நன்றாகப் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போடுவதற்குத்தான் நான் இருந்தேனே.

சொந்த ஊரில் போஸ்டிங் கிடைத்தால் நாமெல்லாம் வரம் கிடைத்த மாதிரி குதிப்போம். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. பனிமலையில் இருக்கும்போது ராணுவத்தான் ராணுவத்தானாகவே இருப்பான். திருச்சியில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீருடையைக் கழற்றினால் அவன் மாப்பிள்ளை, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன். கல்யாண வீட்டிலும் சலூனிலும் எல்லோரும் அரசியல் பேசுவார்கள். கையில் போன் வேறு இருக்கும். எங்கள் ஹவில்தார் செல்வராஜ் சறுக்கியது அங்கேதான்.

செல்வராஜ் திருவெறும்பூர்க்காரன். அவனைப் போல அணிவகுப்பு சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்து ஆள் கிடையாது. மாணவர்கள் அவனைக் கண்டால் நடுங்குவார்கள், அவன் லீவு போட்டால் ஏங்குவார்கள். எனக்கு ஒரு படி கீழான நாயப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. இன்னும் ஆறு மாதம். அதுவரை அவனுடைய சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய தண்டனையைச் சிவப்பு மையில் எழுதுவார்கள், சின்னதைக் கறுப்பு மையில். கறுப்பு விழுந்தால் வீட்டில் திட்டு விழும், ஆனால் பிழைத்துக்கொள்ளலாம். சிவப்பு விழுந்தால் பதவி உயர்வு போனது, அந்த வயதில் அது போனால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அந்த வருஷம் முசிறிப் பக்கத்துப் பையன் ஒருவன் எல்லையில் இறந்துபோனான். உடல் விமானத்தில் திருச்சிக்கு வந்தது. பக்கத்தில் இருக்கிற ராணுவ அலுவலகம் எதுவோ அவர்கள்தான் உடலை வாங்கி ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வழக்கம். நாங்கள் போனோம். பெட்டியைத் தூக்கிய தோள்களில் செல்வராஜின் தோளும் ஒன்று. மடித்த கொடியை அந்தத் தாயின் கையில் கொடுத்தவனும் அவன்தான். அந்த அம்மா அழவே இல்லை. கொடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "கடைசியா சாப்ட்டானாப்பா?" என்று கேட்டார். செல்வராஜுக்கு அந்தப் பையனை முன்பின் தெரியாது. "சாப்ட்டாம்மா" என்றான். வண்டியில் திரும்பி வரும்போது குளித்தலை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

இரண்டு மாதம் கழித்துத் தேர்தல் காற்று வீச ஆரம்பித்தது. ஒரு தலைவர் எங்கேயோ மேடையில் பேசினார். எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பேச்சுவாக்கில், "எல்லையில நிக்கிறவங்க சும்மாவா நிக்கிறாங்க? சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க, அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். கூட்டம் கை தட்டியது. அந்தத் துண்டு வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது.

செல்வராஜ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சினன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான். பார்த்த கையோடு அதன் கீழே எழுதிவிட்டான். அவன் முகப்புப் படமோ சீருடையில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு. எழுதியது இதுதான்: 'ஐயா, முசிறிக்கு வந்து அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? பையன் கடைசியாகச் சாப்பிட்டானா என்று கேட்டார்கள். அதற்கு என்ன சம்பளம் என்று சொல்லுங்கள். இவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.'

திங்கட்கிழமை காலை எங்கள் பழைய மாணவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, 'செல்வராஜ் சார் சூப்பர்' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சபாஷ் என்று தோன்றியது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும். நான் எழுத நினைத்ததை அவன் எழுதிவிட்டான். சபாஷ் தோன்றி முடிந்த அடுத்த நொடியே அந்தப் பதவி உயர்வுப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது.

மைதானத்துக்கு ஓடினேன். "டேய் செல்வராஜ்! இங்க வாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அணிவகுப்பில் இருந்த அத்தனை மாணவர்களும் தாங்களாகவே நின்றுவிட்டார்கள்.

"என்னடா எழுதி வச்சிருக்க?"

"தப்பா எதுவும் எழுதலையே சாப். கெட்ட வார்த்தை ஒண்ணு இருக்கா காட்டுங்க. மரியாதையா ஐயான்னுதான் ஆரம்பிச்சிருக்கேன்."

"ஐயான்னு ஆரம்பிச்சா போதுமா? நீ என்ன மளிகைக் கடையா வச்சிருக்க? ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு? எடுடா போனை. டெலீட் பண்ணு. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

அவன் டெலீட் செய்தான். "அந்தாளு பேசினது அப்படியே இருக்கும் சாப். நான் எழுதினதுதான் அழியணும், இல்ல?" என்று கேட்டுவிட்டு அணிக்குத் திரும்பிவிட்டான்.

நான் என் மேஜைக்கு வந்து ஒரு காபி சாப்பிட்டேன். ஒரு பெரிய ஆபத்தை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்ட திருப்தி. கர்னலிடம் சொல்லவில்லை. அழித்தாயிற்று, இனி சொல்லி அவரை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன். தம்பிகளே, இந்தக் கதையில் பெரிய தப்பு செல்வராஜ் எழுதியது இல்லை. நான் அன்று குடித்த அந்தக் காபிதான்.

வியாழக்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காவிரிப் பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நெரிசலில் நின்றது. குனிந்து வெளியே பார்த்தால் செல்வராஜ். இருபதடி உயரத்துக்குச் செல்வராஜ். சீருடை, பதக்கம், மீசை எல்லாம் அப்படியே. அவனுக்கு இரண்டு பக்கமும் போட்டிக் கட்சியின் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுதியதைப் போனில் படம் பிடித்து அப்படியே பெரிதாக அச்சடித்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'உண்மையை உடைத்த ராணுவச் சிங்கமே!' கீழே மூலையில் வட்டச் செயலாளர் கை கூப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "யாருங்க இது, புது வேட்பாளரா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

கர்னல் முன்னால் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். டெலீட் செய்யச் சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"டெலீட் பண்ணச் சொன்னது என்னைக்கு, சாப்?"

"திங்கட்கிழமை மேடம்."

"இன்னைக்கு வியாழன். இந்த மூணு நாளும் நான் இந்த ஆபீஸ்ல என்னவா இருந்தேன்?"

முப்பது வருஷத்தில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி மாதிரி எதுவும் என்னைக் குத்தியதில்லை.

"திங்கட்கிழமையே நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லியிருந்தா அது ஒரு மனுஷனோட கோபம். அழிச்சதுக்கு அப்புறம் அது ரெண்டு பேர் மறைச்ச விஷயம். மேல இருந்து போன் வர்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும். ரெண்டு பேரும் தனித்தனியா உங்க கையால எழுதிக் குடுங்க. நேரம் போட்டு எழுதுங்க. நான் பன்னெண்டு மணிக்குள்ள மேல அனுப்பிடறேன்."

எழுதினோம். செல்வராஜ் ஒரே மூச்சில் எழுதி முடித்தான். நான்தான் அடித்து அடித்துத் திருத்தினேன்.

அடுத்த சிக்கல் அந்த ஃபிளெக்ஸ். அதை யார் இறக்கச் சொல்வது? மாநகராட்சிக்குப் புகார் கொடுத்தால், ராணுவம் சொல்லி ஒரு கட்சியின் பேனரை எடுத்தார்கள் என்று சாயங்காலப் பேப்பரில் வரும். கட்சி ஆபீசுக்கு நாம் போய்க் கேட்டால், ராணுவம் ஒரு கட்சியிடம் சலுகை கேட்ட மாதிரி ஆகும். "நான் வேணா வேட்டி கட்டிக்கிட்டு சும்மா ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வரேன் மேடம்" என்றேன்.

"வேட்டி கட்டினா நீங்க சுபேதார் இல்லையா சாப்?" என்றார். அதோடு என் யோசனை முடிந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. செல்வராஜின் மனைவி சுமதி. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். வேலைக்குப் போனவர் வழியில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் கிளினிக் அட்டை தொங்கியது. செல்வராஜை ஒரு பார்வை பார்த்தார். அணிவகுப்பு மைதானத்தில் சிங்கமாக நிற்கிறவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மேடம், இவர் எழுதினது பொய்யா?" என்று நேராகக் கேட்டார்.

"பொய்யில்லைம்மா. உக்காருங்க."

"அப்புறம் எதுக்கு இவருக்குத் தண்டனை? அந்த ஆள் மைக்குல பேசலாம். தெருவுல போற வர்றவன் பேசலாம். பொட்டியத் தூக்கின இவர் பேசக் கூடாதா? என்னங்க நியாயம் இது?"

கர்னல் நாற்காலியைச் சுமதி பக்கம் திருப்பினார். "உங்க தெருவுல ரெண்டு கட்சிக்காரங்களும் இருப்பாங்க இல்லையா?" என்றார். "இருக்காங்க." "வெள்ளம் வந்தா உங்க வீட்டுக்காரர் படகு எடுத்துக்கிட்டு எந்த வீட்டுக்கு முதல்ல போவார்னு யாருக்காவது சந்தேகம் வருமா?" "வராது." "இந்தக் கடைசி வரியைப் படிச்சவங்களுக்கு வரும். முதல் மூணு வரி அந்தத் தாய்க்காக எழுதினது. அதை எழுதினதுக்கே நான் கண்டிச்சாகணும், ஆனா எனக்குப் புரியுது. கடைசி வரி ஓட்டைப் பத்தினது. துப்பாக்கி பிடிக்கிற கை யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்ல ஆரம்பிச்சா, துப்பாக்கி இல்லாதவங்க எங்க போவாங்க?"

சுமதி அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "எனக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுவும் கிடையாது. நீங்க யாரை வேணா, என்ன வேணா கேக்கலாம். ஆனா நான் உங்களை எதுவும் செய்யச் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். இன்னொண்ணு. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டு நீங்க எழுதினாலும் பேசினாலும், அது அவர் எழுத்துதான். அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

"புரிஞ்சிதுங்க. போயிட்டு வரேன்" என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "அந்த பேனர்ல இருக்குறது என் புருஷன் மூஞ்சி. என்னைக் கேக்காம மாட்டியிருக்கானுங்க. அதுக்கு எந்தச் சட்டமும் பாக்க வேணாம்ல?" என்றார். கர்னல் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

கட்சி ஆபீசில் நடந்ததைப் பின்னால் சுமதியே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வட்டச் செயலாளர் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்திருக்கிறார். "வாங்கக்கா, வாங்க. நம்ம அண்ணன் வீடா? டேய், அக்காவுக்கு டீ சொல்லுங்கடா. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குக்கா, அண்ணன் வர முடியலைன்னாலும் நீங்க மேடைக்கு வாங்க. பொன்னாடை போத்தி அசத்திப்புடறோம்."

"பொன்னாடையெல்லாம் உங்க தலைவருக்கே போத்துங்க தம்பி. அந்த பேனரைக் கழட்டுங்க."

"அக்கா, இது அண்ணனுக்குப் பெருமைதானே?"

"அவர் வேலை போனா, உங்க வட்டத்துல வேலை போட்டுக் குடுப்பீங்களா? முசிறிப் பொம்பளையோட துக்கத்தை எழுதினாரு. அதை எடுத்து நீங்க ஓட்டுக் கேக்குறீங்க. அந்த ஆள் அப்படிப் பேசினாரு, நீங்க இப்படிப் பண்றீங்க. என்னங்க வித்தியாசம்? நீங்க சொன்ன டீ வருது பாருங்க, நான் அதைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அது கீழ இறங்கியிருக்கணும். இல்லைன்னா நானே ஏறிடுவேன். அப்புறம் அதை யாராவது வீடியோ எடுத்தா நல்லா இருக்காது உங்களுக்கு."

டீ ஆறுவதற்குள் இறக்கிவிட்டார்கள். சுமதி அதோடு விடவில்லை. அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி வாங்கி, ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்து, திருவெறும்பூர் வரை கொண்டுபோய்விட்டார். அது நல்ல கனமான ஷீட். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட இன்றைக்கும் அதுதான். செல்வராஜின் முகம் தரைப் பக்கம்.

ஆனால் ஃபிளெக்ஸ் இறங்கினால் குற்றம் இறங்கிவிடாது. மேலிடத்தில் பெரிய விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. கர்னல் இரண்டு தடவை நேரில் போய் வந்தார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. பதினைந்து நாள் செல்வராஜ் சரியாகச் சாப்பிடவில்லை என்று சுமதி சொன்னார். நானும் அப்படித்தான் இருந்தேன். என் அவசர புத்தியால் ஒரு நல்ல வீரன் வீட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயம், கோயிலுக்குப் போய் ரங்கநாதர் முன்னால் நின்றாலும் என் கூடவே வந்து நின்றது.

கடைசியில் முடிவைக் கர்னலிடமே விட்டுவிட்டார்கள். ஒரு புதன்கிழமை செல்வராஜை அவர் முன் நிறுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மூத்தவன் என்ற முறையில் அவனை அணிநடையில் உள்ளே கூட்டிப்போவது என் வேலை. தொப்பியை என் கையில் கொடுத்தான். அந்தத் தொப்பி அப்படி ஒரு கனம் கனத்தது.

கர்னல் குற்றத்தை வாசித்தார். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"எழுதினது தப்பு மேடம். நினைச்சது தப்பில்லை."

வாயை மூடுடா பாவி என்று உள்ளுக்குள் கத்தினேன்.

கர்னல் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "நினைக்கிறதுக்கு இங்க தண்டனை கிடையாது" என்றார். பிறகு ஒரு வரி எழுதினார். கறுப்பு மை. சாதாரணக் கண்டனம். மேலே இருந்து எந்தப் போனும் வருவதற்கு முன்னால், நேரம் போட்டு அவன் கையால் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம்தான் அவனைக் காப்பாற்றியது என்று பின்னால் சொன்னார். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, 'உமது செயல் அதிருப்தி அளிக்கிறது' என்று. என் சர்வீஸில் அப்படி வந்தது அது ஒன்றுதான். அதைக் கிழித்துப் போடவில்லை. பதக்கப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

செல்வராஜ் நாயப் சுபேதார் ஆனான். வடக்கே போனான். நான் ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் டீயில் சர்க்கரை தூக்கல் என்று சொல்லி, காது மந்தமானவன் என்று பேர் வாங்கினேன். போன வருஷம் அவனும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தான். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா சாப்பிட வாங்க சாப்" என்று கூப்பிட்டான்.

போயிருந்தேன். இலை போடும் நேரம். தெருவில் மேளச் சத்தம். மறுபடியும் தேர்தல். யாரோ வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், வருவது அதே தலைவர். செல்வராஜ் கேட்டில் கைலியோடு நிற்கிறான். தொப்பி இல்லை, பெல்ட் இல்லை, கழற்றச் சொல்ல யாரும் இல்லை. நான் பழக்கதோஷத்தில், "செல்வராஜ், உள்ள வாடா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, "நான் ரிட்டயர் ஆயிட்டேன் சாப்" என்று சொல்லிச் சிரித்தான்.

தலைவர் கை கூப்பினார். செல்வராஜும் கூப்பினான். ஆனால் பாதங்கள் தாங்களாகவே அணிவகுப்பில் விறைத்து நிற்கிற மாதிரி சாவதானில் சேர்ந்துவிட்டன, நான் பார்த்தேன்.

"ஐயா, நான் ராணுவத்துல இருந்தவன். சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே நிக்கிறாங்கன்னு ஒரு தடவை பேசினீங்க. முசிறிப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. அவங்க பையனை நான்தான் தூக்கிட்டுப் போய் இறக்கினேன். நீங்க ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க. ஓட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மேளம் நின்றது. கூட வந்தவர்கள் முகம் மாறி முன்னால் வந்தார்கள். தலைவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"போனேங்க" என்றார். "நான் பேசின அந்த மாசமே போனேன். பத்திரிகைக்காரங்க யாரையும் கூட்டிட்டுப் போகலை. இதே திருவெறும்பூர்லேருந்து ஒரு அம்மா லெட்டர் போட்டிருந்தாங்க. பேரு, விலாசம் எல்லாம் போட்டு, நாலு பக்கம். படிச்சுட்டு வீட்ல இருக்க முடியலை. வாசல்ல போய் நின்னு, பேசினது தப்பும்மான்னு சொன்னேன். அந்தம்மா என்னையே பாத்தாங்க. சாப்ட்டியாப்பான்னு கேட்டாங்க. உக்கார வச்சு சோறு போட்டாங்க." ஓட்டுக் கேட்காமலே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

செல்வராஜ் மெதுவாகத் திரும்பினான். சுமதி உள்வாசலில் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். இவன் சிவப்பு மைக்குப் பயந்து சாப்பிடாமல் கிடந்த அந்தப் பதினைந்து நாளில்தான் அந்தக் கடிதம் போயிருக்கிறது. இத்தனை வருஷம், ஒரே வீட்டில்.

"நீதானா?" என்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையேடி?"

"சொன்னா அது உங்க எழுத்து ஆயிடும்னு அந்த மேடம் சொன்னாங்கல்ல?" என்றார் சுமதி. "வாங்க ரெண்டு பேரும். குழம்பு ஆறுது."